கணக்கைத் தேடும் நிரலுக்கு மூன்று பதில்கள்

(கணினித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கணினிக்குள் நுழைகிறீர்கள். அந்த நொடி முதல் மாலையில் வெளியேறுவது வரை, உள்ளே ஓடும் நிரல்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன: “இந்தப் பெயரில் கணக்கு உண்டா? இந்த எண் யாருடையது?” லாகின் நிரல் கேட்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கேட்கிறது. வந்த கடிதத்தை யார் பெட்டியில் போடுவது என்று அஞ்சல் சர்வர் கேட்கிறது. பயனர் கணக்கைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கும் இந்தச் சிறு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. கணக்கு இருக்கிறது; கணக்கு இல்லை; இருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை. முதல் இரண்டை மட்டும் நினைவில் வைத்து, மூன்றாவதை மறந்து எழுதப்பட்ட நிரல்கள் உலகில் ஏராளம். அந்த மறதியால் உரியவருக்குக் கதவு அடைபட்டிருக்கிறது; சில இடங்களில் அந்நியருக்குத் திறந்தும் விட்டிருக்கிறது.

ஒரு வரியில் ஒரு மனிதர்

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் எட்சி என்ற அடைவுக்குள் பாஸ்வேர்டு என்றொரு கோப்பு இருக்கும். அதில் ஒரு கணக்குக்கு ஒரு வரி. மாதிரிக்கு ஒன்று:

மலர்:எக்ஸ்:1001:1001:மலர்விழி, கணக்குப் பிரிவு:/ஹோம்/மலர்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளி பிரிக்கும் ஏழு புலங்கள். முதலாவது, உள்ளே நுழையும்போது தட்டச்சும் பெயர். இரண்டாவது, ஒரு காலத்தில் கடவுச்சொல் இருந்த இடம். இன்று வெறும் எக்ஸ். மூன்றாவது யூசர் ஐடி, நான்காவது குழு எண். ஐந்தாவதில் முழுப்பெயர் போன்ற விவரங்கள். ஆறாவது அவருடைய சொந்த அடைவு. ஏழாவது, நுழைந்ததும் அவருக்காக ஓடவேண்டிய ஷெல்.

இவற்றுள் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வேண்டியவை எண்கள் மட்டுமே. மலர் யார் என்று கெர்னலுக்குத் தெரியாது. ஒரு கோப்பின் உரிமையாளர் என்று வட்டில் எழுதப்பட்டிருப்பது 1001 என்ற எண்தான். ஒரு நிரல் யார் சார்பில் ஓடுகிறது என்று கெர்னல் குறித்துவைப்பதும் எண்ணாகத்தான். 0 என்றால் ரூட்; எல்லா அதிகாரமும் அந்த எண்ணுக்குத்தான். பெயர் மனிதர்களுக்கானது. எண்ணிலிருந்து பெயருக்கும் பெயரிலிருந்து எண்ணுக்கும் போய்வருகிற வேலைதான் பதிவேட்டுத் தேடல்.

அந்தத் தேடல் தோற்றால் எப்படியிருக்கும் என்பதை நீங்களே பார்க்கலாம். கன்டெய்னர் ஒன்றைப் பதிவேட்டில் இல்லாத ஒரு யூசர் ஐடியில் ஓட்டி, உள்ளே பாஷ் ஷெல்லைத் திறந்து பாருங்கள். பெயர் வரவேண்டிய இடத்தில் “ஐ ஹேவ் நோ நேம்!” என்று நிற்கும். எனக்குப் பெயரில்லை என்கிறது ஷெல். ஹூஅம்ஐ கட்டளை கொடுத்தால், இந்த எண்ணுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று பதில் வரும். எல்எஸ் போட்டால் உரிமையாளர் பத்தியில் வெறும் எண்கள். ஆனாலும் கோப்புகளைத் திறக்கலாம், எழுதலாம், நிரல்களை ஓட்டலாம். கெர்னலுக்கு எண் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வகுப்பறையில் கிடைக்காது.

பிரிந்தது, சேர்ந்தது, மீண்டும் பிரிந்தது

இந்தப் பதிவேட்டின் கதை பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே பாஸ்வேர்டு கோப்பு விவரிக்கப்பட்டிருக்கிறது. அன்று அதைச் சூப்பர் யூசர் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. பெயரையும் எண்ணையும் இணைத்துப் பார்ப்பதற்கென்று யுஐடிஸ் என்ற தனிக் கோப்பு இருந்தது. அதை யாரும் படிக்கலாம். ரகசியம் ஒரு கோப்பில், பொது விவரம் இன்னொரு கோப்பில். சரியான ஏற்பாடு.

பிறகு கடவுச்சொல்லை உருமாற்றி வைக்கும் முறை வந்தது. மூலச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், கோப்பை மறைக்கத் தேவையில்லை என்று கருதினார்கள். பாஸ்வேர்டு கோப்பை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிட்டு, எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கவும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். இரண்டு கோப்புகள் செய்த வேலையை ஒன்று ஏற்றுக்கொண்டது.

மறைத்துவைப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அவர்கள் நினைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை அதைச் சொல்கிறது. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொரு நிர்வாகி, உள்ளே நுழைகிறவர்களுக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டர் வைத்திருந்த இருவரின் தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. சற்று நேரம், உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் டெர்மினலிலும் அத்தனை பேர் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

அதே கட்டுரை இன்னொரு கணக்கையும் தருகிறது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவை: மிகக் குட்டையானவை, அகராதிச் சொற்கள், பெயர்கள். உருமாற்றியதைத் திருப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து உருமாற்றி, கோப்பில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே! கோப்பு கையில் இருந்தால் போதும், அந்த வேலையை உட்கார்ந்து செய்யலாம். அதனால் உருமாற்றும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ‘சால்ட்’ என்ற 12 பிட் தற்செயல் எண்ணைச் சேர்த்தார்கள். ஒரே சொல் 4,096 வடிவங்களில் ஒன்றாகப் பதிவாகும்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு புழு நிரல் பரவியது. நுழைந்த கணினிகளில் பாஸ்வேர்டு கோப்பைப் படித்தது. பயனர் பெயரையே கடவுச்சொல்லாக முயன்றது. அதைத் திருப்பிப்போட்டும் முயன்றது. ஐந்தாம் புலத்திலிருந்த முழுப்பெயரின் பகுதிகளை முயன்றது. பிறகு தன்னிடமிருந்த 432 சொற்கள், அதன்பின் கணினியிலிருந்த அகராதி. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979 கட்டுரையை எழுதிய மாரிஸின் மகன். தந்தை எச்சரித்த பலவீனம் எத்தனை பெரியது என்பதை மகனின் நிரல் உலகுக்கே காட்டிவிட்டது.

1980களின் பிற்பகுதியில், உருமாற்றிய கடவுச்சொற்களை ஷேடோ என்ற தனிக் கோப்புக்கு மாற்றும் வழக்கம் வந்தது. ரூட் மட்டுமே அதைப் படிக்கலாம். பழைய கோப்பின் இரண்டாம் புலத்தில் எக்ஸ் வந்து உட்கார்ந்தது. 1971இல் இருந்த பிரிவினை சுற்றிவந்து மீண்டும் நிலைபெற்றது. இதில் நமக்குள்ள பாடம் எளியது. பெயர் தெரிய வேண்டிய நிரலுக்குப் பெயரை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டிய நிரலுக்கு மட்டும் அந்த வழியைத் திறங்கள். நாளை நீங்கள் ஒரு நிறுவனத்தின் பயனர் பட்டியலை வடிவமைக்கும்போதும் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: யாருக்கு எந்தப் புலம் தேவை?

கோப்பைப் படிக்காதீர்கள், கேளுங்கள்

பாஸ்வேர்டு கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. அதைத் திறந்து, வரிவரியாகப் படித்து, முக்காற்புள்ளியில் பிரித்துவிடலாம் என்று புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள்.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இதற்கென்று ஃபங்ஷன்கள் இருந்தன. பெயரைக் கொடுத்தால் வரியைத் தருவது கெட்-பிடபிள்யூ-நாம். எண்ணைக் கொடுத்தால் தருவது கெட்-பிடபிள்யூ-யுஐடி. இவை இன்றைக்கும் அதே பெயரில் வாழ்கின்றன. காரணம், இவற்றின் பின்னால் இருந்த உலகம் மாறியபோதும் கேள்வி மாறவில்லை.

பின்னால் எவ்வளவோ மாறியது. 1980களில் சன் நிறுவனம் என்ஐஎஸ் கொண்டுவந்தது. ஒரு சர்வரிலிருக்கும் பயனர் பட்டியலை வலைப்பின்னலிலுள்ள கணினிகள் எல்லாம் கேட்டுப் பெறலாம். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து எல்டேப் என்ற அடைவுச் சேவை நெறிமுறை வந்தது. யூனிக்ஸ் கணக்கு விவரங்களை எல்டேப் அடைவில் எப்படி வைப்பது என்று 1998இல் ஆர்எஃப்சி 2307 வகுத்துச் சொன்னது. எங்கெங்கே, எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதை என்எஸ்ஸ்விட்ச் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக நிர்வாகி எழுதிவைத்துவிடலாம்: முதலில் உள்ளூர்க் கோப்பு, அங்கே இல்லையென்றால் எல்டேப்.

ஆகவே, இன்று ஒரு கல்லூரியிலோ வங்கியிலோ உள்ள லினக்ஸ் கணினியில் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால், உண்மையில் அங்கே வேலை செய்கிற மனிதர் ஒருவர்கூட அதில் இல்லாமல் இருக்கலாம். எல்லோரும் எங்கோ ஒரு சர்வரில் இருப்பார்கள். கோப்பை நேரே படிக்கும் நிரல் அவர்கள் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிடும். ஃபங்ஷனைக் கேட்கும் நிரலுக்குச் சரியான பதில் கிடைக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு கெட்-என்ட் கட்டளை இருக்கிறது. அதுவும் அதே வழியில்தான் கேட்கிறது.

மூன்றாவது பதில்

இப்போது மையத்துக்கு வருகிறேன். பதிவேடு உள்ளூர்க் கோப்பாக இருந்த காலத்தில் பதில் பெரும்பாலும் இரண்டுதான்: வரி இருக்கிறது, அல்லது இல்லை. பதிவேடு வலைப்பின்னலுக்கு அப்பால் போன அன்றே மூன்றாவது பதில் அன்றாட நிகழ்வாகிவிட்டது. சர்வர் நின்றிருக்கும், கேபிள் கழன்றிருக்கும், நினைவகம் போதாமலிருக்கும், திறந்த கோப்புகள் வரம்பைத் தொட்டிருக்கும். கணக்கு இருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை.

கெட்-பிடபிள்யூ-நாம் கணக்கைக் கண்டால் அதன் விவரங்களுக்கு ஒரு பாயிண்டரைத் தரும். காணாவிட்டால் வெற்றுப் பாயிண்டர். தேட முடியாவிட்டாலும் அதே வெற்றுப் பாயிண்டர்! வேறுபாடு எர்நோ என்ற இன்னொரு மாறியில் ஒளிந்திருக்கிறது. அழைக்கும் முன்பு எர்நோவைச் சுழியாக்கிவிட்டு, வெற்றுப் பாயிண்டர் வந்தால் எர்நோ மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதிலும் கணக்கு இல்லாதபோது எல்லாத் தளங்களும் எர்நோவைச் சுழியாகவே விடுவதில்லை. வேறு சில எண்களையும் வைக்கக்கூடும் என்று லினக்ஸ் கையேடே சொல்கிறது.

இதே ஃபங்ஷனில் இன்னொரு கண்ணியும் உண்டு. அது தரும் விவரங்கள் லைப்ரரிக்குள் ஒரே நிலையான இடத்தில் வைக்கப்படுகின்றன. அடுத்த அழைப்பு அந்த இடத்தை மேலெழுதலாம். கோப்பின் உரிமையாளரை ஒரு தடவை கேட்டு ஒரு பாயிண்டரில் வைக்கிறீர்கள். கோப்பைக் கேட்டு வந்தவரை இன்னொரு தடவை கேட்டு இன்னொரு பாயிண்டரில் வைக்கிறீர்கள். பிறகு இரண்டு பெயர்களும் ஒன்றா என்று ஒப்பிடுகிறீர்கள். இரண்டு பாயிண்டரும் காட்டுவது ஒரே இடத்தை. அங்கே இருப்பது கடைசியாகக் கேட்டவரின் பெயர். ஒப்பீடு எப்போதும் “ஆம்” என்றே முடியும். யார் வந்து கேட்டாலும் அவர்தான் உரிமையாளர் என்று உங்கள் நிரல் நம்பிவிடும்.

இவ்விரண்டுக்கும் தீர்வாக வந்தது கெட்-பிடபிள்யூ-நாம்-ஆர். விவரங்களை வைக்கும் இடத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். இன்னோர் அழைப்பு அதைத் தொடாது. மூன்று பதில்களும் வெளிப்படையாகப் பிரிந்து வருகின்றன. சுழி வந்து, விடையும் வந்தால் கணக்கு இருக்கிறது. சுழி வந்து, விடை வெற்றாக இருந்தால் கணக்கு இல்லை. சுழியல்லாத எண் வந்தால் பிழை. ஈரேஞ்ச் என்ற பிழை வந்தால் நீங்கள் கொடுத்த இடம் போதவில்லை. பெரிதாக்கி மறுபடி கேளுங்கள். புதிதாக எழுதும் சி நிரல்களில் இதையே பயன்படுத்துங்கள்.

மறந்தவர்களுக்கு நேர்ந்தது

பெயர் பெற்ற மென்பொருள்களிலேயே இது நேர்ந்திருக்கிறது. லினக்ஸில் யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட் என்ற சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் கிட்ஹப் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த கெவின் பேக்ஹவுஸ் ஒரு குறையை வெளியிட்டார். ஒரு நிரல் அனுமதி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இணைப்பை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. கேட்டது யார் என்று போல்கிட் விசாரிக்கிறது. ஆள் போய்விட்டதால் யூசர் ஐடி கிடைக்கவில்லை, பிழைதான் வருகிறது. அந்தப் பிழையைக் கையாள வேண்டிய ஒரு வழித்தடத்தில், கேட்டவரின் எண் சுழி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. சுழி என்றால் ரூட். யாரென்றே தெரியாத ஒருவருக்கு முழு அதிகாரம்! ஏழாண்டுகள் அந்த வரிகள் நிரலுக்குள் இருந்தன.

2019 அக்டோபரில், இன்னொருவர் சார்பில் நிரலை ஓட்ட உதவும் சூடோ கட்டளையில் இன்னொன்று. “ரூட் தவிர வேறு யாராகவும் இவர் நிரலை ஓட்டலாம்” என்று நிர்வாகி விதி எழுதியிருக்கிறார். அந்தப் பயனர், “-1 என்ற எண்ணுக்குரியவராக ஓட்டு” என்று கேட்கிறார். அந்த எண்ணில் யாருமில்லை; இருந்தும் சூடோ மறுக்கவில்லை. எண்ணை மாற்றும் கெர்னல் அழைப்புக்கோ -1 என்றால் “மாற்றாமல் விடு” என்று பொருள். சூடோ ஏற்கெனவே ரூட்டாக ஓடுகிறது. மாற்றாமல் விட்டதும் பயனரின் நிரலும் ரூட்டாகவே ஓடியது. 2017இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டியிலும் இதே சாயலில் ஒரு சிக்கல் வந்தது. சேவைக்கான பயனர் பெயர் செல்லாதது என்று கருதினால் அந்த வரியை ஒதுக்கிவிட்டு, சேவையை ரூட்டாக ஓட்டியது.

மூன்றிலும் தவறு ஒன்றுதான். யாரென்று உறுதியாகாத இடத்தில் நிரல் நின்றிருக்கவேண்டும். நிற்காமல் மேலே போயிற்று. உரியவர் யாரென்று தெரியாவிட்டால் அதிகாரம் தராதீர்கள். இது முதல் விதி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அஞ்சல் சர்வருக்கு ஒரு கடிதம் வருகிறது. பெறுநர் பெயரைத் தேடுகிறது. அந்த நேரம் பார்த்து எல்டேப் சர்வர் நின்றிருக்கிறது. அப்படியொரு ஆளே இல்லை என்று 550 குறியீட்டுடன் பதில் சொன்னால், அனுப்பியவருக்குக் கடிதம் திரும்பிப்போய்விடும். வேலைக்கான அழைப்பாக இருக்கலாம், மருத்துவ அறிக்கையாக இருக்கலாம். அஞ்சல் நெறிமுறையை வகுத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 5இல் தொடங்கும் குறியீடு நிரந்தர மறுப்பு; 4இல் தொடங்குவது “பிறகு முயலுங்கள்”. யூனிக்ஸ் நிரல்களின் வெளியேற்ற எண்களிலும் ஆள் இல்லை என்பதற்கு 67, தற்காலிகத் தோல்விக்கு 75. வழி இருக்கிறது, நிரலை எழுதுகிறவர் அதைப் பயன்படுத்தவேண்டும். உறுதியாகத் தெரியாமல் இல்லையென்று அறிவிக்காதீர்கள். இது இரண்டாம் விதி.

மூன்றாம் விதி நுட்பமானது. உள்ளே மூன்று பதில்களையும் பிரித்தறியும் நிரல், வெளியாளுக்கு அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. 1979 கட்டுரையில் மாரிஸும் தாம்சனும் இதைக் குறித்திருக்கிறார்கள். பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் லாகின் நிரல் உருமாற்றும் வேலையைச் செய்யாமல் உடனே மறுத்துவிட்டது. பெயர் இருந்தால் உருமாற்றிப் பார்த்துவிட்டுத் தாமதமாக மறுத்தது. அந்த நேர வேறுபாட்டை வைத்தே எந்தப் பெயர்கள் உண்மையானவை என்று வெளியாள் கண்டுபிடிக்கலாம். இரண்டு நிலையிலும் உருமாற்றும் வேலையைச் செய்யும்படி மாற்றினார்கள். 39 ஆண்டுகள் கழித்து, 2018இல், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் அதே இனத்தைச் சேர்ந்த குறை வெளிப்பட்டது. சிதைந்த கோரிக்கை ஒன்றை அனுப்பினால், பெயர் இருந்தால் ஒருவிதமாகவும் இல்லாவிட்டால் வேறுவிதமாகவும் சர்வர் நடந்துகொண்டது. ஒவ்வொரு தலைமுறையும் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திரைக்கு முன்னால் நிற்பவர்

நண்பர்களே, இது யூனிக்ஸோடு முடிகிற விஷயமன்று. நம் ஊர் ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவி இருக்கிறது. அதுவும் பதிவேட்டைத்தான் கேட்கிறது. அங்கேயும் கார்டே இல்லை என்பது ஒன்று. கார்டு இருந்தும் ரேகை பொருந்தவில்லை என்பது வேறொன்று. சர்வர் கிடைக்கவில்லை என்பது முற்றிலும் வேறு. வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்து ரேகை தேய்ந்த பாட்டிக்கு, இந்த மூன்றில் எது என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் மறுபடி ரேகை வைப்பதா, மாற்று வழி கேட்பதா, நாளை வருவதா, அலுவலகம் போவதா என்று பாட்டி முடிவு செய்ய முடியும். கருவி மூன்றையும் ஒரே பிழைச் செய்தியாகக் காட்டினால், அத்தனை அலைச்சலும் அவர் தலையில் விழுகிறது. பதிவேட்டில் தேடும் நிரலை எழுதியவருக்கு அந்தப் பாட்டியின் முகம் தெரியாது. ஆனால் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகவேண்டும் என்பதை அந்த நிரல்தான் தீர்மானிக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் மாணவர்களைக் கணக்குத் தேடும் நிரல் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். இருக்கும் பெயர், இல்லாத பெயர் இரண்டையும் கொடுத்துச் சோதித்ததோடு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அடைவுச் சர்வரை நிறுத்திவிட்டு, இருக்கும் பெயரைக் கொடுத்து மூன்றாவது தடவை ஓட்டச் சொல்லுங்கள். “அப்படியொரு பயனர் இல்லை” என்று சொல்லும் நிரலுக்கு மதிப்பெண் தராதீர்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதப்போகும் எந்த மொழியிலும், எந்தத் தரவுத்தளத்திலும், எந்தச் சேவையிலும் இந்தக் கேள்வி வரும். தேடும் ஃபங்ஷனுக்கு “ஆம், இல்லை” என்று இரண்டே விடை வைக்காதீர்கள். மூன்றாவது விடைக்கு ஓர் இடம் கொடுத்து, அது வரும்போது நிரல் என்ன செய்யவேண்டும் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். அதிகாரம் தரும் இடமென்றால் மறுக்கட்டும். சேவை தரும் இடமென்றால் காத்திருக்கட்டும், மாற்று வழி காட்டட்டும். எந்த இடமானாலும் காரணத்தைப் பதிவு செய்யட்டும். கூடுதலாகச் சில வரிகள்தான் எழுதவேண்டியிருக்கும். அந்த வரிகளை எழுதுவது நம் தொழிலின் கடமை.